வாசனை தெரியவில்லை, கண்ணும் திரும்பவில்லை: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: என் 9 வயது மகனுக்குப் பிறவியிலிருந்தே இடது கண் வெளிப்புறமாகத் திரும்புவதில்லை, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பார்க்கிறான். அவனுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை என்பதை அண்மையில்தான் அறிந்தோம். இரண்டும் ஒரே கோளாறா?

மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கண்ணில் இருப்பது டூவேன் சிண்ட்ரோமாக இருக்கலாம். கண்ணை வெளிப்புறம் இழுக்கும் தசைக்குச் செல்லவேண்டிய ஆறாவது கபால நரம்பு கருவிலேயே சரியாக உருவாகாமல் போக, மூன்றாவது நரம்பின் கிளையொன்று அந்தத் தசையைச் சென்றடைகிறது. அதனால்தான் அந்தக் கண் மூக்கை நோக்கித் திரும்பும்போது சற்று உள்வாங்கி, இமையிடைவெளி சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் மகனிடம் தெரிகிறதா என்று கவனியுங்கள். நரம்பை மீட்டுத் தரும் சிகிச்சை இல்லை. நேராகப் பார்க்கையில் மாறுகண் தெரிந்தாலோ, தலைத் திருப்பம் மிகுதியாக இருந்தாலோதான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். அந்தக் கண்ணின் பார்வை மங்கிவிடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் கண் மருத்துவர் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, குடும்பங்கள் பொதுவாகப் பெரிதுபடுத்தாத அந்த வாசனைக் குறைதான். மூக்கடைப்போ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையின் வீக்கமோ காரணமில்லை என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு காப்பித்தூள், சோப்பு போன்றவற்றைக் கண்ணை மூடச் சொல்லி முகரவைத்துப் பாருங்கள். அமோனியா போன்ற நெடியைக் கொண்டு சோதிப்பது தவறு. அந்த எரிச்சலை உணர்த்துவது முகர்நரம்பு அன்று, ஐந்தாவது நரம்பு.

வாசனையை உணர மூளையில் உள்ள முகர்குமிழ்கள் பிறவியிலேயே வளராத நிலையில், வாசனைக் குறையோடு பருவமடைதலும் தடைபடும் கால்மன் சிண்ட்ரோம் இருக்கக்கூடும். பருவமடைதலைத் தூண்டும் மூளைச் செல்கள், கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி, முகர்நரம்பின் வழியைப் பிடித்துக்கொண்டே மூளைக்குள் நுழைகின்றன. வழி உருவாகாவிட்டால் அவையும் சென்று சேர்வதில்லை. எனவே குழந்தைப் பருவத்தில் விதைகள் விதைப்பைக்குள் இறங்காமல் இருந்தனவா என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். 14 வயதாகியும் விதைகள் பெரிதாகத் தொடங்காவிட்டால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ஹார்மோன் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு.

இரண்டு குறைகளும் ஒரே மரபணு மாற்றத்தால் வருவது அரிது. TUBB3 என்னும் மரபணுவின் சில மாற்றங்களில் அப்படி நேர்வதுண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் கண்களை மேலே உயர்த்த முடியாமை, இமை தொங்குதல், முகத்தசைத் தளர்ச்சி ஆகியவையும் சேர்ந்திருக்கும். பல உறுப்புகளைப் பாதிக்கும் பிறவிக் கோளாறான சார்ஜ் சிண்ட்ரோமிலும் முகர்குமிழ்கள் குறைபடும் என்பதால், காது கேட்கும் திறனையும் இதயத்தையும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, முகர்குமிழ்களையும் ஆறாவது நரம்பையும் மெல்லிய வெட்டுகளில் பார்க்கவேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமான மூளை ஸ்கேனில் இவை எளிதில் தப்பிவிடும்.

இதற்கிடையில், வாயுக் கசிவையோ புகையையோ அவனால் முகர்ந்து அறிய முடியாது என்பதால், வீட்டில் எச்சரிக்கை மணிகளைப் பொருத்திவிடுங்கள்.