சொட்டுவது கீழே, ஒழுகுவது மேலே

பழைய கார் ஆயில் ஒழுகல் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னது என் தப்புதான். நாற்பதைத் தாண்டிவிட்டது, அதில் பாதி ஒரே கேள்வி. குன்னூரில் பட்டறை வைத்துப் பழைய பெட்ரோல் இன்ஜின்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் என்ற அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (வெலிங்டன்): 1967 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்). தினமும் காலையில் ஷெட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில். சேம்பர் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பேக்கிங் மாற்றியாயிற்று, அதே இடத்தில் மறுபடியும் சொட்டு. இப்போது இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா அண்ணா?

பதில்: இறக்காதீர்கள். சொட்டு விழுகிற இடத்துக்கும் ஒழுகுகிற இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. ஆயில் மேலிருந்து கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் கிளச் ஹவுசிங் (இன்ஜினுக்குப் பின்னால் கிளச்சை மூடியிருக்கும் கூடு) அடியில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாமே பின் சீல்தான்.

முதலில் இன்ஜினைக் கழுவுங்கள். ஆறின இன்ஜினில் டிகிரீசர் போட்டுப் பழைய பிரஷால் தேயுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் மூடிவிட்டுச் செய்யணும் (நம்ம மாவட்டத்தில் பிளாஸ்டிக் பை கேட்டால் கடைக்காரர் முறைப்பார், பழைய ரெயின்கோட் போதும்). அந்தக் கழிவை ஓடைப்பக்கம் விடாதீர்கள், கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமான இடமெல்லாம் முகப் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பாருங்கள், அப்புறம் அருவங்காடு வரை ஒரு நடை போய் வந்து டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் உங்கள் ஓட்டை.

எம்ஜிபியில் நான் முதலில் சந்தேகப்படுவது பக்கவாட்டு மூடிகளை. நம்ம ஊரில் மேல் மூடியைத்தான் டேப்பட் கவர் என்கிறோம், ஆனால் இந்த இன்ஜினில் நிஜமான டேப்பட் மூடிகள் இரண்டு, இடது பக்கம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அந்தச் சூட்டில் கார்க் பேக்கிங் வெந்து, சுருங்கி, கல்லாகிவிடும். அங்கிருந்து வழிகிற ஆயில் பிளாக் ஓரமாகவே போய்ப் பின்னால்தான் சொட்டும். புது பேக்கிங் போடும்போது பலத்தைக் காட்டாதீர்கள். அது மெல்லிய தகட்டு மூடி, போல்ட்டை முறுக்க முறுக்க நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். முன்னைவிட அதிகமாக ஒழுகும்.

அப்புறம் மூச்சுக் குழாய். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் காற்று வெளியேற வழி வேண்டும். முன்பக்க டேப்பட் மூடியிலிருந்து போகும் குழாய் கசடு பிடித்து அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏற்றத்தில் இழுத்து வந்த அன்று மட்டும் அதிகமாக ஒழுகுகிறதா? முதலில் இந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை என்பதாலோ என்னவோ யாரும் செய்வதில்லை.

இவ்வளவும் சுத்தம், கிளச் ஹவுசிங் அடியில் ஸ்பிளிட் பின் தொங்கும் துளையிலிருந்து மட்டும் ஆயில் வருகிறது என்றால் அப்போது பின் சீலைப் பற்றிப் பேசலாம். அப்போதும் அது இன்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸிலிருந்து முன்னால் வருகிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். நம்ம ஊரில் சமதரை என்று நாம் நினைப்பது சமதரை இல்லை. சக்கரத்துக்குக் கல், சேசிஸுக்கு ஸ்டாண்டு.

கேள்வி (கோத்தகிரி): கீழே மேட்டுப்பாளையம் வரை இறங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நீலப்புகை. தரையில் சொட்டு இல்லை.

பதில்: இது ஒழுகல் இல்லை, வால்வு கைடு தேய்மானம். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுக் கியரில் வரும்போது உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம், வால்வுத் தண்டு வழியாக ஆயிலை இழுக்கும், மிதித்ததும் அது எரியும். ஹெட் வேலை. அதற்காக நியூட்ரலில் இறங்கக் கூடாது, புகை வந்தால் பரவாயில்லை.

கேள்வி (குன்னூர்): ஒழுகலை நிறுத்த எந்த ஆயில் ஊற்றலாம்?

பதில்: எந்த ஆயிலும் நிறுத்தாது. இந்த இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 போதும்.

கேள்வி (ஊட்டி): என்னுடையது எம்ஜிஏ (எம்ஜிபிக்கு முந்தைய மாடல்), 1489 சிசி. பின்னால் சொட்டுகிறது. இங்கே ஒரு பழைய அம்பாசிடர் மெக்கானிக் இருக்கிறார், அவரிடம் காட்டலாமா?

பதில்: தாராளமாக. அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் உங்களுடையதும் ஒரே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம்.

கேள்வி (இன்னொரு ஊட்டிக்காரர்): மன்னிக்கணும் சார், ஸ்போர்ட்ஸ் காரை டாக்ஸியோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்.

பதில்: எம்ஜிஏவுக்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் இருக்கிறது, சத்தம் அழகு, எல்லாம் சரி. ஆனால் பின்னால் ஆயில் நிற்கிற விதம் இரண்டிலும் ஒன்றுதான். ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) திருகு மரை மாதிரி ஒரு வரி வெட்டியிருக்கும், ஷாஃப்ட் சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றுவிட்டால் அனுப்பாது. அதனால் நிறுத்திய பின் நாலு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அந்த ஷாஃப்டைத் தாங்க மூன்று பேரிங் கொண்ட ஆரம்பகால எம்ஜிபியும் இப்படித்தான், 1964-இல் ஐந்து பேரிங் வந்த பிறகுதான் ரப்பர் சீல்.

அதே ஊட்டிக்காரர்: அப்படியென்றால் என் நண்பருக்குச் சொட்டு இல்லையே?

பதில்: அவர் எப்படி நிறுத்துகிறார் என்று கேளுங்கள். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் வடிகிற ஆயிலெல்லாம் பின்னால் சேரும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் முன்னால் போகும். நம் மலையில் பாதி 'பின் சீல் கோளாறு' வீட்டு வாசல் சரிவுதான்.

கேள்வி (லவ்டேல்): ரப்பர் சீல் மாற்று கிட் விற்கிறார்களே, போட்டால் இந்தச் சண்டை தீராதா?

பதில்: போடலாம். ஆனால் இன்ஜின் வேறு வேலைக்காக இறங்கும்போது. நாலு சொட்டுக்காக இறக்குவது என் கணக்கில் வீண் செலவு. கிளச் பிளேட்டில் ஆயில் ஏறி ஏற்றத்தில் வழுக்கினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

(டாக்ஸி விவகாரத்தில் மேலும் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். அம்பாசிடர் பக்கம் ஏழு. போதும்.)

கேள்வி (எல்லநள்ளி): சான் ஸ்டார்ம் (இந்தியாவில் தயாரான சின்ன ஸ்போர்ட்ஸ் கார்), டைமிங் பக்கம் ஈரம்.

பதில்: அது ரெனோ இன்ஜின், என் கை பட்டதில்லை. ரெனோ தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி (கூடலூர்): புல்லட்டில் ஆயில் ஒழுகல்...

பதில்: இங்கே கார் மட்டும்.

கேள்வி (அருவங்காடு): ஒழுகல் நிற்க ஏதாவது திரவம் கலக்கலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி (குன்னூர், வேறொருவர்): எல்லா மூட்டிலும் பேஸ்ட் தடவிவிட்டால்?

பதில்: கையில் நிறைய பேஸ்ட் இருக்கிறவர்தான் என் பட்டறைக்கு அதிக வருமானம் தருகிறார். பிதுங்கி உள்ளே விழுந்த துண்டு ஆயில் பம்பு வலையில் போய் அடைத்துக்கொள்ளும். மெல்லிசாகத் தடவுங்கள், அதுவும் தேவைப்படுகிற மூட்டில் மட்டும்.

கேள்வி (ஊட்டி): ஜனவரிக் காலையில், ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடம் மட்டும் சொட்டுகிறது.

பதில்: நல்ல கேள்வி. உறைபனிக் குளிரில் ஆயில் கெட்டி, பிரஷர் எக்கச்சக்கமாக ஏறும். ஆயில் ஃபில்டர் வாஷரையும், பிரஷர் மீட்டருக்குப் போகும் வளைகுழாயையும் பாருங்கள். அந்தக் குழாய் வெடித்தால் கொஞ்ச நேரத்தில் சேம்பரே காலி, ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் ஓடும்போதுதான் தெரியும், மஃப்ளரைக் கழுத்தில் தொங்கவிட்டு ஃபேனுக்குப் பக்கத்தில் குனியாதீர்கள்.

கேள்வி (கேத்தி): மழைக்காலத்தில் அடியில் எப்போதும் ஈரம், ஆயிலா தண்ணீரா என்று தெரியவில்லை. செங்கல் அடுக்கி ஏற்றிப் பார்க்கலாமா?

பதில்: செங்கல்லா? முதல் பதிலின் கடைசிப் பத்தியை வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள். ஏற்றவே வேண்டாம். இரவு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, நாலு சக்கரம் இருக்கும் இடத்தையும் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் எடுத்துக் காய வையுங்கள். தண்ணீர் காய்ந்து போகும், ஆயில் கறை கண்ணாடி மாதிரி நிற்கும், இன்ஜினில் எந்தப் பக்கத்துக்கு நேராக விழுந்தது என்பதும் தெரிந்துவிடும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், காரை அப்புறம் பார்க்கலாம்.