பதில்: பைத்தான் 3 போட்டதும் பில் புரோகிராம் திறக்கவில்லை

காசிமேட்டு மீன் கடைக்கு, பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய 2-ஆம் பதிப்பில் எழுதிய பில் புரோகிராம், புது கம்ப்யூட்டரில் ‘டிகிண்டர் என்று மாட்யூலே இல்லை’ என்கிறது, அதானே? டிகிண்டர் என்பது திரையில் ஜன்னல், பட்டன் எல்லாம் காட்ட உதவும் தயார் நிரல் தொகுப்பு (மாட்யூல்). அதன் பெயர்தான் மாறியிருக்கிறது நண்பரே. முன்பு முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய ‘T’ (Tkinter). பைத்தான் 3-இல் எல்லாமே சின்ன எழுத்து (tkinter). தனியாக இருந்த, செய்திப் பெட்டி காட்டும் மெசேஜ்பாக்ஸும் டிகிண்டருக்குள் போய்விட்டது. நட்சத்திரக் குறி (*) போட்டு டிகிண்டரை மொத்தமாக இம்போர்ட் செய்தாலும் அது வராது, தனியே கூப்பிட வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு (லினக்ஸ்) என்றால் டிகிண்டர் பேக்கேஜையே தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

அப்புறம், எர்ரரே காட்டாமல் கணக்கைக் கெடுப்பது வகுத்தல். 7-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 3, இப்போது 3.5. மீன் பெட்டிகளின் எண்ணிக்கை முழு எண்ணாக வர, வகுக்கும் இடத்தில் இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள். பழைய பைத்தானுக்கே திரும்பும் யோசனை மட்டும் வேண்டாம். 2020-லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.