கத்தரிக்காய் வறுவல் எண்ணெய் குடித்துக் குழைந்துபோனால்

கால் கிலோ காய்க்கு அரை கப் எண்ணெய் விட்டு, மூடி வைத்து வதக்கியும் குழைகிறது என்கிறீர்கள். மூடியை முதலில் எடுங்கள், ஆவி திரும்ப இறங்கி ஊறவைத்துவிடும். எண்ணெய் குடிப்பதற்குக் காரணம் வேறு: சதை முழுக்கக் காற்றறைகள், எண்ணெய் அவற்றில் புகுந்துவிடும்; உப்பில் நீர் வடிந்தால் அவை அமுங்கும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, முக்கால் டீஸ்பூன் உப்பு பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிட்டுத் துணியால் ஒற்றுங்கள். அவசரமென்றால் மைக்ரோவேவில் நான்கு நிமிடம்; அதிலும் அறைகள் அமுங்கிவிடும். பிறகு அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அடிப்பக்கம் சிவக்கும்வரை கிளறவே வேண்டாம் (பொறுமை இங்கேதான் தேவை). மிளகாய்த்தூள் கடைசி இரண்டு நிமிடத்தில். முன்பே போட்டால் கருகும். உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், ருசி பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.