ஹேவ்லாக் தீவில் எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் போகிறோம். ரிசார்ட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தே புக் பண்ணச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, வெளியே நல்ல இடங்கள் உண்டா? அம்மா சைவம்.

காலை டிபனை மட்டும் ரிசார்ட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மதியமும் ராத்திரியும் வெளியே சாப்பிடுங்கள். இதை நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன். ரிசார்ட் பஃபேயில் பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், பிராய்லர் சிக்கன் என்று எந்த ஊரிலும் கிடைக்கிற பட்டியல்தான் பெரும்பாலும் இருக்கும். தீவில் அதிகம் விளையாத வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் பெரும்பாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி முதலில் போர்ட் பிளேயருக்கு (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வந்து, அங்கிருந்து இன்னொரு முறை படகேறி வருகின்றன. ஆனால் மீன், தேங்காய், வாழைப்பழம் மூன்றும் அந்த மண்ணுடையவை. அவற்றை எங்கே நன்றாகத் தருகிறார்களோ அங்கே போங்கள்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 2018 கடைசியில் தீவின் பெயரை ஸ்வராஜ் தீவு என்று மாற்றிவிட்டார்கள். கப்பல் டிக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். அங்கே குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர், பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். காட்டைத் திருத்தி நிலம் உண்டாக்கிய குடும்பங்கள். ஆகவே அந்தத் தீவின் சொந்தச் சமையல் வங்காளச் சமையல். இது தெரியாமலே பலர் மூன்று நாளும் பட்டர் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு கோவிந்த் நகர் பஜார். படகுத்துறையிலிருந்து ரொம்பத் தூரமில்லை, ஆட்டோக்காரர் யாரைக் கேட்டாலும் கொண்டுபோய் விடுவார். வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டல்கள். போர்டில் ஃபிஷ் தாளி என்று எழுதியிருக்கும். சோறு, பருப்பு, ஒரு காய், அப்பளம், அப்புறம் மீன் குழம்பு. நம் ஊர்க் குழம்பை மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். புளி கிடையாது. மீனை மஞ்சள் தடவிக் கடுகெண்ணெயில் வறுத்து, சீரகமும் பச்சை மிளகாயும் உருளைக்கிழங்கும் போட்ட நீர்த்த குழம்பில் விட்டிருப்பார்கள். கடுகெண்ணெய் வாசம் முதல் வாயில் கொஞ்சம் உறைப்பாக மூக்கில் ஏறும். இரண்டாம் வாயில் பழகிவிடும். வெயிலில் கடலில் ஊறிவிட்டு வந்த வயிற்றுக்கு அந்தத் தண்ணிக் குழம்பும் சுடுசோறும் போல இதமான சாப்பாடு வேறில்லை. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் ஊர்க்காரர்களும் படகுக்காரர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிற கடையைப் பார்த்து நுழைந்தால் போதும், கடைப் பெயர் தேவையில்லை. இந்தி பேசினால் எல்லா இடத்திலும் புரியும்.

இதே பஜாரில் காலையிலேயே பூரி சப்ஜி, சமோசா எல்லாம் கிடைக்கும். ஸ்கூபாவுக்கோ ஸ்நார்கெல்லிங்குக்கோ விடிகாலையில் கிளம்புகிற நாளில் ரிசார்ட் டிபன் தயாராகியிருக்காது, அப்போது இது கைகொடுக்கும்.

ராத்திரிக்குத்தான் கடற்கரை ஓரக் கடைகள். 3ஆம் எண், 5ஆம் எண் கடற்கரைகள் இருக்கிற கிழக்குப் பக்கச் சாலையில் இவை வரிசையாக வரும். கோவிந்த் நகர்ப் பக்கம் ஃபுல் மூன் கஃபே, அஞ்சு கோகோ, சம்திங் டிஃபரண்ட் மூன்றும் பயணிகளிடையே பேர் பெற்றவை. குழந்தைகளுக்குப் பாஸ்தா, பீட்சா வேண்டுமென்றால் இந்த மாதிரி இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் மீனைக் கேளுங்கள். "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு, காட்டுங்க" என்று கேட்டால் நல்ல கடையில் தட்டில் எடுத்து வந்து காட்டுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கரா, களவா, பாரை, சூரை இவற்றில் ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். எடையையும் விலையையும் அடுப்பில் போடும் முன்பே பேசிவிடுங்கள், சுத்தம் செய்வதற்கு முன் எடையா, பின்பா என்பதையும் சேர்த்து. பட்டர் கார்லிக்கில் சமைக்கச் சொல்வதுதான் அங்கே வழக்கம். என் கருத்தில் அது நல்ல சங்கராவை வீணடிப்பது. உப்பு, மிளகு, எலுமிச்சை மட்டும் போட்டுச் சுடச் சொல்லுங்கள். கடைக்காரர் வங்காளிக் குடும்பம் என்றால் காலையிலேயே போய், ராத்திரிக்குப் 'பாதுரி' செய்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கடுகு அரைத்துத் தடவி, வாழையிலையில் மடித்து வேகவைக்கிற மீன். மெனுவில் பெரும்பாலும் இருக்காது, கேட்டால் சிலர் செய்து தருவார்கள்.

ஒரு வேண்டுகோள். பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் வைத்திருந்தால் வாங்காதீர்கள். பவளப்பாறைமேல் படரும் பாசியைத் தின்று பாறையைக் காப்பாற்றுகிற மீன் அது. காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்கள் பார்க்கப் போகிற பவளம் அதை நம்பித்தான் இருக்கிறது. முட்டையோடு இருக்கிற நண்டு, சிங்க இறால் இவற்றையும் விட்டுவிடுங்கள்.

நேரம்தான் அங்கே முக்கியம். அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் போய்விடும், மே ஜூனில்கூட ஆறு தாண்டாது. ஊரும் அதற்கேற்றபடி சீக்கிரம் அடங்கிவிடும். ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் பல இடங்களில் அடுப்பு அணைந்திருக்கும்.

சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் ராதாநகர் கடற்கரைக்குப் போவார்கள், நீங்களும் போவீர்கள். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். அது தீவின் மேற்குப் பக்கம், பஜாரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நுழைவாயில் பக்கம் இளநீர், பழத்துண்டு, டீ, பக்கோடா, எளிய சாப்பாட்டுக் கடைகள் உண்டு, மணலில் எதுவும் கிடையாது. இளநீர் குடித்துவிட்டு இருட்டும் முன் கிளம்பிக் கிழக்குப் பக்கம் வந்து சாப்பிடுவதே நல்லது. போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். காலாபத்தர் கடற்கரையிலும் இளநீரும் பழமும்தான்.

அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. பஜார் ஓட்டல்களில் வெஜ் தாளி இருக்கிறது, ரொட்டியும் பருப்பும் எங்கேயும் கிடைக்கும். மீன் வறுத்த எண்ணெயில் காய் வதக்கக் கூடாது என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். மீன் வாசமே ஒத்துக்கொள்ளாது என்றால் சைவம் மட்டும் சமைக்கிற கடையைத் தங்கும் இடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அவருக்காக ஒரு வேளையை ரிசார்ட்டில் வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை, அன்றன்றைக்குச் சொல்லிச் சாப்பிடலாம், முன்கூட்டியே கட்ட வேண்டாம். ரசம், தயிர்சாதம் இல்லாமல் முடியாதென்றால் கொஞ்சம் பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள்.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். நெட் இழுக்கும் நேரத்தில் ஜிபேயை நம்பி நிற்க முடியாது. திரும்பும் நாளில் கப்பல் ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், கடல் கொஞ்சம் ஆடினாலே பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடுவார்கள். போர்ட் பிளேயரில் இறங்கியதும் அபர்தீன் பஜாரில் அன்னபூர்ணா ஓட்டல் இருக்கிறது, சைவ ஓட்டல்தான். அம்மாவுக்கு அங்கே தோசை வாங்கிக் கொடுத்துவிடலாம்.