ஒன்றை விட்டே ஆக வேண்டுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். மெய்யெண் பகுப்பாய்வு என் பாடம். தொலைக்காட்சித் தொடர்களிலும் நடிக்கிறேன். இதுவரை சிறு வேடங்கள் என்பதால் விடுமுறை நாட்களில் சமாளித்துவிட்டேன். இப்போது முக்கிய வேடம் ஒன்று தேடி வந்திருக்கிறது. துறைத்தலைவர், "ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள்" என்கிறார். தயாரிப்பாளர் தரப்பிலும் அதே பேச்சு.

நேரத்தைவிட என்னை அதிகம் வாட்டுவது வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நாள் முழுவதும் அழுது நடித்துவிட்டு மறுநாள் கரும்பலகை முன் நின்றால், கை எப்சிலான், டெல்டா என்று கணிதக் குறிகளை எழுதுகிறது. மனம் அந்தக் காட்சியை விட்டு வர மறுக்கிறது. ஒப்பனை அறையிலோ திருத்தாத விடைத்தாள்களின் நினைவு. அண்மையில் முன்வரிசை மாணவி ஒருத்தி, "மேடம், அந்தக் காட்சியில் நிஜமாகவே அழுதீர்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அன்று முதல் விறைப்பாகவே பாடம் நடத்துகிறேன். சரியான தூக்கமும் இல்லை. இரண்டையும் விரும்புவது பேராசையா?

இப்படிக்கு,
ஒரு கணிதப் பேராசிரியை

அன்புள்ள பேராசிரியைக்கு,

பேராசை இல்லவே இல்லை. அமெரிக்க நடிகர் டான் கிரிமால்டி 'தி சொப்ரானோஸ்' தொடரில் இரட்டையர் வேடத்தில் நடித்தவர். நியூயார்க்கின் கிங்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். அவருக்கு வாய்த்தது எல்லோருக்கும் எளிதில் வாய்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்பது விதியல்ல.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே எழும் மோதலை, 1985-இல் கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: நேரத்தால் வருவது, மன அழுத்தத்தால் வருவது, நடந்துகொள்ளும் விதத்தால் வருவது. இரண்டு வேலைகளுக்கும் இது பொருந்தும். துறைத்தலைவர் பேசுவது முதலாவதைப் பற்றி மட்டுமே. தேர்வு, வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றுக்கான தேதிகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கல்லூரியின் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பி முக்கிய வேடத்தை ஏற்காதீர்கள்.

உங்களை வாட்டுவது இரண்டாவது, மன அழுத்தத்தால் வருவது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆய்ந்து காட்டினார். எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்பதைக் கிளம்பும் முன் சுருக்கமாகக் குறித்துக்கொண்டால் இந்த இழுபறி குறைகிறது என்பதும் அவரது பிந்தைய ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, எத்தனையாவது கேள்வி வரை திருத்தினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விடைத்தாள் கட்டிலேயே செருகிவிட்டுப் புறப்படுங்கள். துக்கக் காட்சிக்கு அந்தச் சீட்டு போதாது; அழுத உடம்பு அடங்க நேரம் கேட்கும். உடையை மாற்றி, முகம் கழுவி, யாரோடும் பேசாமல் சற்று நடந்துவிட்டு வீடு திரும்புங்கள். வகுப்புக்கு முந்தைய நாளில் அத்தகைய காட்சிகள் வேண்டாம் என்று இயக்குநரிடம் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

மூன்றாவதான, நடந்துகொள்ளும் விதத்தால் வரும் மோதல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த மாணவியின் கேள்வியில் எனக்கு ஏளனம் தெரியவில்லை; ஆர்வம்தான் தெரிகிறது. நீங்களோ அன்று முதல் கண்டிப்பான ஆசிரியை வேடம் கட்டிக்கொண்டீர்கள். படப்பிடிப்பில் ஒரு வேடம், வகுப்பில் இன்னொரு வேடம் என்றால் களைப்பு வராமல் என்ன செய்யும்? மறுபடி யாராவது கேட்டால், "ஆமாம், அழுவதற்கும் பயிற்சி உண்டு" என்று சொல்லிவிட்டுத் தேற்றத்துக்குத் திரும்புங்கள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் மௌனமாகக் காத்திருக்கலாம் என்பது நடிகைக்குத் தெரியும். நிரூபணத்தின் அடுத்த வரியை மாணவர்களே கண்டுபிடிக்க அந்த மௌனம் மிகவும் தேவை. அதை ஏன் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்?

தூக்கக் குறைவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்னும் சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ நேரில் பாருங்கள். புதிய வேடத்துக்குக் கையெழுத்திடுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆலோசகர்