எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி 30 நாளும் தாண்டிவிட்டது. இனி வழி உண்டா?

கேள்வி: 60,000 ரூபாய் புரோநோட்டு வழக்கு. அம்மா மருத்துவமனையில் இருந்ததால் வாய்தாவுக்குப் போக முடியவில்லை. முன்சீப் கோர்ட்டில் எனக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி (நான் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாக) 30 நாளும் தாண்டிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

வழி இருக்கிறது. ஆனால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள். வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடங்களாக இத்தகைய மனுக்களைத் தாக்கல் செய்துவருகிறேன். வாய்தா தவறியதால் தோற்றவர்களைவிட, தீர்ப்பானது தெரிந்த பிறகும் சும்மா இருந்து தோற்றவர்களே அதிகம்.

சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13-இன்படி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை, அதாவது உங்களிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும். அல்லது ஆஜராக முடியாமல் போனதற்குப் போதிய காரணம் சொல்ல வேண்டும். கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சம்மனே சார்வாகாதவருக்கு மட்டும் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். உங்களுக்கு வாய்தா தேதி முன்பே தெரிந்திருப்பதால் இந்தச் சலுகையை நம்ப வேண்டாம். காலவரையறைச் சட்டம் 1963-இன் 5-ஆம் பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

எல்லாம் அந்த மனுவோடு வைக்கும் பிரமாணப் பத்திரத்தில்தான் இருக்கிறது. 'மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் பார்த்துவந்தேன்' என்ற வரியை எத்தனை மனுக்களில் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீதிபதிகளும் பார்த்திருக்கிறார்கள். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது அந்தக் காமாலை வரியை யாரையும் எழுத விடாதீர்கள். ஒரு தையல்காரப் பெண்ணுக்கும் இப்படித்தான் நடந்தது. தாயாரை மருத்துவமனையில் சேர்த்த தேதியும் வீட்டுக்கு அனுப்பிய தேதியும் உள்ள டிஸ்சார்ஜ் சீட்டை மனுவோடு வைத்தார். வாய்தா நாள் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருந்தது. எதிர்த்தரப்பு கடுமையாக ஆட்சேபித்தும் மனு அனுமதிக்கப்பட்டது. நீங்களும் அம்மாவின் சீட்டைத் தேடி எடுங்கள். அவர் வீடு திரும்பிய பிறகும் நாட்கள் ஓடியிருந்தால், அந்த இடைவெளிக்கும் காரணம் எழுதுங்கள். முதல் கேள்வி அங்கேதான் வரும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்பதை விதண்டாவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லியிருக்கிறது. அது நேர்மையாக வருபவருக்குக் கிடைக்கும் தயவு, எல்லோருக்கும் அல்ல.

எதிருரையையும் (வழக்குக்கு நீங்கள் தரும் எழுத்துப்பூர்வ பதில்) இப்போதே தயார் செய்து மனுவோடு கொடுங்கள். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதன் ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சேருங்கள். வழக்கை நடத்தத்தான் வந்திருக்கிறீர்கள், இழுத்தடிக்க அல்ல என்பது அதில் தெரியும்.

மனு அனுமதிக்கப்பட்டாலும் பெரும்பாலும் நிபந்தனை இருக்கும்: எதிர்த்தரப்புக்கு இவ்வளவு செலவுத்தொகை, இந்தத் தேதிக்குள். சிலர் உத்தரவு வந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தேதி தவறினால் மனு தள்ளுபடியாகிவிடும். உத்தரவான அன்றே பணத்தைக் கட்டி ரசீதை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்க எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டிருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். போட்டிருந்தால் தடையாணைக்குத் தனி மனு தேவை. இல்லையென்றால் ஜப்திக்குக் கோர்ட் ஊழியரான அமீனா வீட்டு வாசலுக்கு வரலாம்.

வக்கீல் செலவு கட்டுப்படியாகாவிட்டால் உங்கள் பகுதி கோர்ட்டில் இயங்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.