தாத்தாவின் காபித் தோட்டக் கடனும் பேத்தியின் பயமும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மாமனாருக்குச் சொந்த ஊர் ஏற்காடு, நாகலூர் பக்கம். அங்கே மூன்று ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருந்தார். 1997-ல் கடன் வாங்கிப் புதுச்செடி நட்டது, 2001-ல் காபி விலை விழுந்தது, ஒரு ஏக்கரை விற்றது, ராத்திரிக்கு வெறும் கூழ் குடித்துப் படுத்தது எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இப்போது மகள் பிறந்தநாளுக்குப் புதுத்துணி வேண்டாம் என்கிறாள். ‘நம்ம வீட்டையும் வித்துடுவீங்களாம்மா?’ என்று கேட்கிறாள். கணவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். சராசரியாக மாதம் 60,000 ரூபாய் வரும். வீட்டுக் கடன் தவணை 18,000, வீட்டுச் செலவு 27,000, சீட்டு 5,000. பேங்கில் 50,000 இருக்கிறது. இந்தக் கதைகளைச் சொல்ல வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். கதை சொல்லட்டும். ஆனால் இப்போது பாதிக் கதைதான் போகிறது. மீதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் தாத்தாவின் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நீங்கள் இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்கிறாள். கடையில் வியாபாரம் மந்தமான மாதங்களில் தவணை பற்றி நீங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவது பெரும்பாலும் அவள் காதில் விழுந்திருக்கும். அதையும் தாத்தாவின் கதையையும் அவளாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் அப்படித்தான், தெரியாத இடத்தைப் பயத்தால் நிரப்பிக்கொள்வார்கள்.

மாமாவின் கதையில் கூழை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1994-ல் பிரேசிலில் பனி விழுந்து காபிச் செடிகள் கருகின. உலகம் முழுக்க விலை ஏறியது. நம் நாட்டிலும் அந்தப் பத்தாண்டுகளில் அரசின் காபி போர்டிடம்தான் கொட்டையைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் போய், விவசாயி நேராகச் சந்தையில் விற்கலாம் என்றானது. ஏறின விலை முழுசாகக் கைக்கு வந்தது. 1997-லும் விலை உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் கடன் வாங்கிச் செடி வைத்தவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் காபிச் செடி காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். மாமாவின் செடி பழுத்த நேரம் 2001. அதற்குள் வியட்நாம் மலைமலையாகக் காபியைக் கொண்டுவந்து சந்தையில் கொட்டியிருந்தது. விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஏற்காட்டில் மட்டுமில்லை, கூர்க்கிலும் சிக்மகளூரிலும் இதே கதைதான்.

இதை 9 வயசுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்வாள். ஒரு உலக வரைபடத்தை விரித்து பிரேசில், வியட்நாம், ஏற்காடு மூன்றையும் மாமாவே காட்டட்டும். அவர் சோம்பேறியும் இல்லை, ஊதாரியும் இல்லை. விலை வேறெங்கோ முடிவானது, கடன் தவணை மட்டும் மாறவில்லை. இது அவளுக்கு விளங்கினால் ‘நாம துணி கேட்டா காசு தீர்ந்துடும்’ என்ற எண்ணம் தானாகக் கழன்றுவிடும்.

அப்புறம், மிச்ச இரண்டு ஏக்கர் எப்படித் தப்பியது? அதைத்தான் முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். அந்த வருஷங்களில் மிளகு விலையும் இறங்கித்தான் இருந்தது. ஆனால் கொடி ஏற்றக் கடன் வாங்கியிருக்க மாட்டார்கள், வந்த காசு வந்ததுதான். மாமா தோட்டத்தில் மிளகு இருந்ததா, பலாவா, இல்லை மாமி நகையை அடகு வைத்து மீட்டார்களா, கேளுங்கள். யார் உதவினார்கள், கடைசித் தவணையை எந்த வருஷம் கட்டினார்கள் என்பதும் கதைக்குள் வர வேண்டும்.

சின்னவனுக்கு இவ்வளவு வேண்டாம். கூழ், தோட்டத்து நாய், கொண்டை ஊசி வளைவில் மூட்டையோடு இறங்கினது, அவ்வளவு போதும். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பேசியிருந்தால் அந்தப் பேச்சை இருவரிடமும் இப்போது சொல்ல வேண்டாம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ‘நாங்க கூழ்தான் குடிச்சோம், நீ மிச்சம் வைக்கிற’ என்று ஆரம்பிப்பதும் கூடாது. அது கதை இல்லை, திட்டு. மாமாவிடம் இதை உங்கள் கணவரே சொல்வது நல்லது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மகளின் கேள்விக்கு ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி’ என்று பதில் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். தவணையும் செலவும் சேர்த்து உங்களுக்கு மாதம் 45,000 கட்டாயம் வேண்டும். கையில் இருப்பது 50,000, அதாவது ஒரு மாதத்துக்குச் சற்று மேல். கடை வருமானம் ஏறி இறங்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு, அதாவது 2,70,000 ரூபாய், ஒதுக்கி வைக்கச் சொல்வேன். இன்னும் 2,20,000 வேண்டும். நீங்கள் சொன்ன கணக்குப்படி மாதம் 10,000 மிஞ்ச வேண்டும். நிஜமாக மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அதை பேங்கில் ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பாகப் போடுங்கள், 22 மாதத்தில் முடியும். சீட்டை அவசரப் பணமாக நினைக்காதீர்கள். அவசரத்துக்கு ஏலத்தில் தள்ளி எடுத்தால் கழிவு போகும், முழுத்தொகை கைக்கு வராது. பதிவு செய்த சீட்டுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் பெயரில், வீட்டுக் கடன் பாக்கிக்குக் குறையாமல் டேர்ம் இன்ஷூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள்.

ஆர்.டி. தொடங்கியதும் மகளிடம் சொல்லுங்கள்: ‘கடை ஆறு மாசம் ஓடலைன்னாலும் தவணை கட்ட இதுல சேர்க்கிறோம்.’ தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தநாள் துணிக்கு ஒரு பட்ஜெட் கொடுத்து அவளையே கடையில் எடுக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றதைத் தியாகம் என்று பாராட்டிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கை மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். இன்னும் தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே தபால் நிலையத்துக்குப் போங்கள். அவசர நிதி சேரும்வரை வருஷத்துக்குக் குறைந்தபட்சத் தொகையான 250 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். பிறகு கூட்டிக்கொள்ளலாம், வருஷத்துக்கு 1,50,000 வரை இடம் இருக்கிறது.